முகம் மறைக்கப்பட்ட விமானிகள்: ‘ஸ்டார் வோர்ஸ்’ போர்க்கலங்கள் குறித்து ஒரு வாசிப்பு

விண்வெளிச் சாகசப் படங்களை நமது இலக்கிய வட்டங்கள் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. சிறுவர்களுக்கான வேடிக்கை என்றோ ஹொலிவூட்டின் வியாபாரச் சரக்கு என்றோ சொல்லி ஒதுக்கிவிடுவதோடு நம்மில் பலரது கடமை முடிந்துவிடுகிறது. வியாபாரச் சரக்கு என்பது உண்மைதான். எனினும் 1977ஆம் ஆண்டு மே 25ஆம் திகதி ஜோர்ஜ் லூகாஸின் ‘ஸ்டார் வோர்ஸ்’ முதன்முதலாகத் திரையிடப்பட்டதிலிருந்து இன்றுவரை, போர் என்றால் என்ன, எதிரி என்றால் யார் என்பதற்கான ஒரு சித்திரத்தைப் பல தலைமுறைச் சிறுவர்களின் மனதில் வரைந்துவந்த கதையாடல் அது. அவ்வளவு ஆழமாக இறங்கிவிட்ட ஒன்றை வாசித்துப் பார்க்காமல் விடுவது விமர்சனத்துக்கு அழகல்ல.

இக்கட்டுரை அப்படவரிசையின் நாயகர்களைப் பற்றியதல்ல. அவர்கள் ஏறிப் பறக்கும் சிறிய போர்க்கலங்களைப் பற்றியது. இக்கலங்களின் வேகம், ஆயுதம், நீளம் முதலியவற்றை ரசிகர்கள் பட்டியலிட்டு மகிழ்வதுண்டு. அதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் ஒரு கலத்தின் அமைப்பை வெறும் தொழில்நுட்ப விபரமாக மாத்திரம் கொள்ள முடியாது. அதற்குள் அமர்ந்திருப்பவனின் உயிருக்கு, அதைச் செய்வித்தவன் என்ன விலை போட்டிருக்கிறான் என்பதையும் அது சொல்லிவிடுகிறது. அந்த விலையைப் படைப்பாளிகள் எப்படிப் பார்த்தார்கள், பார்வையாளராகிய நாம் எப்படிப் பார்த்தோம் என்பதே இங்கு என் அக்கறை.

இருவகைக் கலங்கள்

முதற்படத்தில் இருவகைக் கலங்கள் எதிரெதிராக நிற்கின்றன. கிளர்ச்சியாளர்களிடம் ‘எக்ஸ்-விங்’, பேரரசிடம் ‘டை ஃபைட்டர்’. இரண்டினதும் ஆரம்ப மாதிரியுருக்களைச் செய்தவர் கொலின் கான்ட்வெல். ஜோ ஜோன்ஸ்டன் உள்ளிட்ட கலைஞர்கள் பின்னர் அவற்றைச் செப்பனிட்டனர். கடைகளில் விற்கும் டாங்கி, விமானம் முதலியவற்றின் பிளாஸ்டிக் மாதிரிப் பொதிகளிலிருந்து எடுத்த துண்டுகளை ஒட்டியே திரையில் நாம் காணும் கலங்கள் உருவாக்கப்பட்டன. அவற்றில் உண்மையான போர் இயந்திரங்களின் சாயல் தென்படுவதற்கு அதுவும் ஒரு காரணம் எனலாம்.

எக்ஸ்-விங் ஒற்றை விமானியைக் கொண்டது. தாக்கும்போது விரியும் இறக்கைகள், அவற்றின் நுனிகளில் நான்கு லேசர் பீரங்கிகள், பெரிய இலக்குகளுக்கெனப் புரோட்டோன் டோர்பீடோக்கள். இவற்றைவிட முக்கியமானவை வேறு மூன்று. எதிரியின் சூட்டைத் தாங்கும் காப்புக் கவசம் அதற்கு உண்டு. நட்சத்திரங்களுக்கிடையே தாவிச் செல்லும் ‘ஹைப்பர் டிரைவ்’ உண்டு. விமானியின் பின்னால் அமர்ந்து, பறந்துகொண்டிருக்கும்போதே பழுது பார்க்கும் ரோபோ ஒன்றும் உண்டு. 1980இல் வெளியான இரண்டாவது படத்தில் லூக் ஸ்கைவோக்கர் தன் படையணியை விட்டு விலகித் தனியே வேறொரு கிரகத்துக்குச் செல்ல முடிவது இதனாலேயே. எக்ஸ்-விங் விமானிக்குத் தானாக ஒரு முடிவெடுத்துத் திசைமாறும் சுதந்திரம் இருக்கிறது.

டை ஃபைட்டரில் இவை எவையும் இல்லை. நடுவில் ஓர் உருண்டை, இரு பக்கங்களிலும் தட்டையான பலகைகள். இரட்டை அயன் இயந்திரம் என்பதன் ஆங்கிலச் சுருக்கமே அதன் பெயர். காப்புக் கவசம் இல்லை. ஹைப்பர் டிரைவ் இல்லை. கலத்துக்குள் உயிர்காப்பு வசதி இல்லாததால்தான் விமானி உடல் முழுவதையும் மூடிய கறுப்பு உடைக்குள், குழாய்கள் பொருத்திய முகமூடியுடன் அமர்ந்திருக்கிறான் என்று இப்படவரிசையின் துணைநூல்கள் விளக்குகின்றன. தாய்க்கப்பலை விட்டு அவனால் வெகுதூரம் போக முடியாது. ஆகவே தப்பியோடவும் முடியாது. முதற்படத்திலேயே இதற்குச் சான்றுண்டு. தனியே பறக்கும் ஒரு டை ஃபைட்டரைக் காணும் ஒபி-வான் கெனோபி, இது குறுந்தூரக் கலமாயிற்றே, இவ்வளவு தொலைவுக்குத் தனித்து வந்திருக்க முடியாதே என்று சந்தேகிக்கிறார். அந்தச் சந்தேகத்தின் முடிவிலேயே ‘டெத் ஸ்டார்’ என்னும் பிரமாண்டமான போர் நிலையம் அவர்கள் கண்ணில் படுகிறது. ஒரு சிறு கலத்தின் இயலாமை பேரரசின் இரகசியத்தைக் காட்டிக்கொடுக்கும் அந்த இடம், லூகாஸின் கதைசொல்லலில் சிலாகிக்கத்தக்க ஒன்று.

இன்னுமொன்றையும் கவனிக்க வேண்டும். டார்த் வேடர் தானே ஏறிப் பறக்கும் டை கலம் வேறு ரகமானது. அதற்குக் கவசமும் உண்டு, ஹைப்பர் டிரைவும் உண்டு என்று அதே துணைநூல்கள் கூறுகின்றன. இறுதிப் போரில் அவரின் இருபுறமும் பறந்த இரு விமானிகளும் இறக்க, வேடர் மாத்திரம் உயிர் தப்புகிறார். கவசம் செய்யப் பேரரசுக்குத் தெரியாமலில்லை. அதை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் கணக்கு இருக்கிறது.

அறமா, பற்றாக்குறையா?

இந்த வேறுபாட்டைக் காட்டி, நல்லவர்கள் உயிரை மதிக்கிறார்கள், கெட்டவர்கள் மதிப்பதில்லை என்று முடித்துவிடலாம். பலர் அவ்வாறே முடித்தும் விடுகின்றனர். விடயம் அவ்வளவு சுலபமானதல்ல. பேரரசிடம் விமானிகளுக்குப் பஞ்சமில்லை. ஒருவன் விழுந்தால் அவ்விடத்துக்கு இன்னொருவன் வருவான். கிளர்ச்சியாளரிடமோ முதற்படத்தின் இறுதிப் போருக்கு அனுப்ப இருந்தவை முப்பது கலங்கள் மாத்திரமே. ஒரு விமானியை இழப்பது அவர்களுக்குக் கட்டுப்படியாகாத செலவு. ஆகவே எக்ஸ்-விங்கின் கவசத்துக்குப் பின்னால் இருப்பது அறமா, பற்றாக்குறையா என்ற கேள்வி தவிர்க்க முடியாதது.

படங்கள் இதற்குத் தெளிவான விடை தரவில்லை. கிளர்ச்சியாளரின் கலங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்கென வகுக்கப்பட்டவை. எந்த வேலைக்கும் ஈடுகொடுப்பது எக்ஸ்-விங். பழையதும் மெதுவானதுமான ‘வை-விங்’ குண்டுத் தாக்குதலுக்கு. 1983இல் வந்த மூன்றாவது படத்தில் சேர்ந்துகொள்ளும் ‘ஏ-விங்’ வேகத்துக்கு. ‘பி-விங்’ பெருங்கப்பல்களைத் தாக்குவதற்கு. விமானியின் உயிர்மீது இவ்வளவு கவனம் வைத்த அணியிலிருந்துதான், அதே மூன்றாவது படத்தில், அடிபட்ட ஏ-விங் ஒன்று பேரரசின் மிகப் பெரிய கப்பலின் கட்டளை மேடைக்குள் பாய்ந்து வெடிக்கிறது. அக்கப்பல் சரிவதைக் கண்டு கிளர்ச்சியாளர் ஆர்ப்பரிக்கின்றனர். அந்த ஏ-விங் விமானிக்கு ஆர்வெல் கிரினிட் என்று ஒரு பெயர் உண்டு. படம் பார்க்கும் ஒருவர் அதை அறிந்துகொள்ள வழியில்லை. துணைநூல்களைத் தேடிப் படித்தவர்களுக்கே தெரியும். முதற்படத்தின் முடிவிலும், ஹான் சோலோவின் கப்பலோடு சேர்ந்து மீண்டுவருபவை மூன்றே மூன்று போர்க்கலங்கள்தாம்.

எனினும் ஒரு வேறுபாட்டை மறுக்க முடியாது. கிளர்ச்சியாளர்கள் இறக்கும்போது கமரா அவர்களின் முகத்தில் நிற்கிறது. லூக்கின் பாலிய நண்பனான பிக்ஸ் சாகும் கணத்தில் அவன் முகத்தை நாம் பார்க்கிறோம். செம்மஞ்சள் உடையும் முகம் தெரியும் தலைக்கவசமும் அணிந்த அவர்களின் கண்களில் பயம் தெரிகிறது. டை ஃபைட்டர் விமானி இறக்கும்போது ஓர் உருண்டை வெடிக்கிறது. அவ்வளவுதான்.

வானிலிருந்து பார்க்கும் கண்

இது லூகாஸ் புதிதாகக் கண்டுபிடித்த பார்வையல்ல. தன் வான்போர்க் காட்சிகளுக்கு வழிகாட்டியாக, இரண்டாம் உலகப் போரின் விமானச் சண்டைக் காட்சிகளைப் பழைய படச்சுருள்களிலிருந்து தொகுத்து அவர் கோவையொன்றைத் தயாரித்திருந்தார். விசேட காட்சிக் கலைஞர்கள் அதைப் பார்த்தே கலங்களின் அசைவுகளை அமைத்தனர். டெத் ஸ்டார் மீதான தாக்குதல், 1955இல் மைக்கேல் அன்டர்சன் இயக்கிய ‘த டேம் பஸ்டர்ஸ்’ என்ற பிரித்தானியப் படத்துக்குப் பெரிதும் கடன்பட்டது. தாழப் பறத்தல், குறித்த ஒரு புள்ளியில் குண்டை விடுதல், முன்னவர் தவறவிடப் பின்னவர் முயலுதல் ஆகிய யாவும் அங்கு உள்ளவை. அப்படத்தின் விசேட காட்சிகளை ஒளிப்பதிவு செய்த கில்பர்ட் டெய்லரே ‘ஸ்டார் வோர்ஸ்’ படத்தின் ஒளிப்பதிவாளர் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

‘த டேம் பஸ்டர்ஸ்’ உண்மை நிகழ்வொன்றைச் சொல்லும் படம். 1943 மே 16ஆம் திகதி இரவு, பிரித்தானிய விமானப்படையின் 617ஆவது படையணியைச் சேர்ந்த 19 லங்காஸ்டர் விமானங்கள் ஜேர்மனியின் அணைக்கட்டுகளைத் தகர்க்கப் புறப்பட்டன. எட்டு விமானங்கள் திரும்பவில்லை. சென்ற 133 பேரில் 53 பேர் இறந்தனர். இந்த எண்ணிக்கைகள் பிரசித்தமானவை. அணை உடைந்து பாய்ந்த வெள்ளத்தில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர் என்பதும், அவர்களில் பெருந்தொகையினர் நாஸிகளால் பிற நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டு முகாம்களில் வைக்கப்பட்டிருந்த கட்டாயத் தொழிலாளர்கள் என்பதும் அவ்வளவு பிரசித்தமானவை அல்ல. அடைத்தவனையும் அடைக்கப்பட்டவனையும் பிரித்தறியும் கண் வானில் இருந்தவனுக்கு இருக்கவில்லை. நாஸிகளுக்கு எதிரான போர் நியாயமானது என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் நியாயமான போரிலும் கீழே இருந்தவர்கள் எண்ணப்பட வேண்டியவர்களே.

லூகாஸ் விண்வெளிக்குக் கொண்டுபோனது இந்தக் கண்ணைத்தான். 1994இல் வெளியான கெவின் ஸ்மித்தின் ‘கிளார்க்ஸ்’ என்ற படத்தில் கடை ஊழியர் இருவர் இதுபற்றி வாதிடும் காட்சி ஒன்றுண்டு. கட்டி முடிக்கப்படாத நிலையில் அழிக்கப்பட்ட இரண்டாவது டெத் ஸ்டாரில் கூலிக்கு வேலை செய்த தொழிலாளர்களின் கதி என்ன என்பது அவர்களது கேள்வி. அது நகைச்சுவைக் காட்சி. ஆனால் 1943இல் அணைக்குக் கீழே இருந்தவர்களைப் பற்றி அறிந்துகொண்டு அதைப் பார்க்கும்போது சிரிப்பு முழுமையாக வருவதில்லை.

இவ்விடத்தில்தான் டை ஃபைட்டர் விமானியின் முகமூடி எனக்கு வேறுவிதமாகத் தெரிகிறது. அம்முகமூடி பேரரசுக்கு எவ்வளவு தேவையோ படத்துக்கும் அவ்வளவு தேவையாக இருக்கிறது. தன் விமானியைப் பெயரற்ற உதிரிப்பாகமாக ஆக்கியது பேரரசின் குற்றம் என்று படம் நமக்கு உணர்த்துகிறது. அதே சமயம், அவன் பெயரற்றவனாக இருப்பதனால்தான் அவனது சாவுக்கு நாம் கைதட்ட முடிகிறது. எதிரியின் கணக்கை வெறுக்கும் படம், எதிரியின் கணக்கைக்கொண்டே நம்மை மகிழ்விக்கிறது. சிறுவர் கதையில் இத்தனை சங்கடங்களை எதிர்பார்க்கலாமா என்று கேட்கலாம். சிறுவர்களுக்குச் சொல்லப்படுவது என்பதாலேயே இக்கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது என்பது என் பதில்.

விமானியே இல்லாத கலம்

1999இல் வெளியான ‘த ஃபான்டம் மெனஸ்’ இந்தச் சங்கடத்தைச் சுலபமாகக் கடந்துவிடுகிறது. அதில் எதிரியின் போர்க்கலங்களில் விமானியே இல்லை. அவை தாமே பறக்கும் ரோபோக்கள்; ஒரு கட்டுப்பாட்டுக் கப்பலின் ஆணைக்கு இயங்குபவை. சிறுவன் அனக்கின் நபூ நாட்டவரின் மஞ்சள்நிறக் கலமொன்றில் தற்செயலாகப் புறப்பட்டுப் போய் அந்தக் கட்டுப்பாட்டுக் கப்பலையே வெடிக்கவைக்க, தரையிலிருந்த ரோபோப் படை அப்படியே செயலிழந்து நிற்கிறது. எதிரிக்கு உயிரே இல்லாதபோது, ஒரு சிறுவனின் கையில் இரத்தம் படிந்ததே என்று எவரும் கலங்க வேண்டியதில்லை. அக்கப்பலுக்குள் உயிருள்ளோரும் இருந்தனர் என்பதில் படம் அதிகம் தங்குவதில்லை.

இரண்டே ஆண்டுகளின் பின்னர், 2001 ஒக்டோபரில், அமெரிக்கா ஆப்கானிஸ்தானில் ஆளில்லா விமானத்திலிருந்து ஏவுகணை செலுத்தத் தொடங்கியது. அங்கு நிலைமை தலைகீழானது. விமானியற்ற கலம் தாக்குபவனிடம் இருந்தது. உயிர்கள் தரையில் இருந்தன. உயிரற்ற கலத்தை எதிரிக்கு ஒதுக்கிவைத்த லூகாஸின் கற்பனை, அதைச் சொந்தமாக்கிக்கொள்ளப் போகிறவர்கள் யார் என்பதைக் காணத் தவறிவிட்டது.

ஆனால் 2005இல் வந்த ‘ரிவென்ஜ் ஒஃப் த சித்’ படத்தின் தொடக்கத்தில் லூகாஸ் தன் கணக்கைத் தானே திரும்பப் பார்க்கிறார். குடியரசுக்காகப் பறப்பவர்கள் குளோன் முறையில் உற்பத்தி செய்யப்பட்ட, ஒரே முகம் கொண்ட வீரர்கள். அவர்களின் கலங்கள் தாக்கப்படும்போது உதவிக்குத் திரும்ப விரும்புகிறான் அனக்கின். அவர்கள் தம் வேலையைச் செய்கிறார்கள், நாம் நமது வேலையைச் செய்வோம் என்ற கருத்தில் அவனைத் தடுக்கிறார் ஒபி-வான். பேரரசு இன்னும் பிறக்கவில்லை. பேசுபவர் நல்லவர்களில் நல்லவர். ஆயினும் டை ஃபைட்டரின் தத்துவம் அந்த வாயிலிருந்தே வந்துவிடுகிறது. அக்காட்சியில் அவ்விருவரும் ஓட்டும் சிறிய கலங்களின் உருண்டை முகப்பும் விரியும் பலகைகளும் டை ஃபைட்டரை நினைவூட்டும்படி வடிவமைக்கப்பட்டுள்ளன. குடியரசிலிருந்து பேரரசு எவ்வாறு முளைத்தது என்பதை அரசியல் வசனங்களைவிட அந்த வடிவமைப்புக் காத்திரமாகச் சொல்கிறது.

பெயர் பெறுதல்

எதிரியின் கலத்துக்குள் நம்மை முதலில் உட்காரவைத்த ஆக்கங்களுள் குறிப்பிடத்தக்கது ஒரு கணினி விளையாட்டு. 1994இல் வெளியான ‘டை ஃபைட்டர்’ விளையாட்டில் ஆடுபவர் பேரரசின் விமானி. ஒழுங்கையும் சமாதானத்தையும் காப்பதாகவே அவருக்குச் சொல்லப்படுகிறது. ஆரம்பத்தில் அவருக்குக் கிடைப்பது கவசமற்ற கலமே. ஓரிரு சூடுகள் பட்டாலே முடிவு. அந்தக் கதிரையில் அமர்ந்தபின், வெடிக்கும் உருண்டைகளைப் பழைய மாதிரியே பார்ப்பது கடினம்.

திரையில் இந்த எல்லையைத் தாண்ட முயன்றது 2015இன் ‘த ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’. வெள்ளை முகமூடிச் சிப்பாய்களில் ஒருவன். அவனுக்குப் பெயரில்லை, எஃப்.என்.-2187 என்ற இலக்கம் மட்டும். செத்துக்கொண்டிருக்கும் சகாவின் இரத்தம் தோய்ந்த கை அவன் முகமூடியில் பதிகிறது. அந்தக் கறையைக் கொண்டே ஒரேமாதிரியான அத்தனை பேருக்குள்ளும் அவனை நாம் அடையாளம் காண்கிறோம். கிளர்ச்சி விமானி போ டமரோனுடன் சேர்ந்து அவன் தப்பியோடுவது ஒரு டை ஃபைட்டரில். ‘ஃபின்’ என்ற பெயர் அவனுக்கு வைக்கப்படுவதும் அதற்குள்ளேயே. முப்பத்தெட்டு ஆண்டுகளாகப் பெயரற்றவர்கள் மாண்ட அந்த உருண்டைக்குள் ஒருவனுக்குப் பெயர் கிடைப்பது சாதாரணமான விடயமல்ல.

இருந்தும் படம் தன் வாக்கைக் காப்பாற்றவில்லை. பெயர் பெறுவதற்குச் சற்று முன்னர், அதே டை ஃபைட்டரின் பீரங்கிகளால் ஃபின் தன்னோடு வளர்ந்த சிப்பாய்கள் நிறைந்த தளத்தைச் சுட்டுத் தள்ளுகிறான். தன் குறி தப்பாததில் குதூகலிக்கவும் செய்கிறான். தன்னைப் போலவே குழந்தைப் பருவத்தில் பறித்தெடுக்கப்பட்டவர்கள்தான் அவர்களும் என்ற நினைவு அவனுக்கு வருவதில்லை. வரவிடவில்லை என்பதே சரி. ஒருவனுக்கு முகம் கொடுத்த படம் மற்றவர்களை முகமூடிக்குள்ளேயே விட்டுவிடுகிறது.

அந்தக் குறையை நாவல் ஒன்றே நிவர்த்தி செய்தது. அலெக்ஸாண்டர் ஃபிரீட் எழுதிய ‘அல்ஃபபெட் ஸ்குவாட்ரன்’ 2019இல் வெளிவந்தது. மேலும் இரு நாவல்கள் தொடர்ந்தன. இதன் படையணியில் ஐவர், ஐந்து வகைக் கலங்கள். அவர்களுள் முதன்மையான யிரிக்கா குவெல் முன்னாள் டை ஃபைட்டர் விமானி. ஒரு கிரகத்தின் மக்களைக் கொன்றொழித்த நடவடிக்கையில் பங்குகொண்டவள். இப்போது எக்ஸ்-விங்கில் ஏறித் தன் பழைய படையணியை வேட்டையாடுகிறாள். சுட வேண்டிய ஒவ்வொருவரையும் அவளுக்குத் தெரியும். பேரரசின் விமானிகள் பயப்படுகிறார்கள், ஒருவருக்காக ஒருவர் துக்கிக்கிறார்கள், குற்றவாளிகளாகவும் இருக்கிறார்கள். முகம் கொடுப்பது என்றால் மன்னிப்புக் கொடுப்பது என்றாகாது என்பதை ஃபிரீட் அறிந்திருக்கிறார். முகமிருப்பதனால்தான் அவர்களின் குற்றமும் அவர்களுடையதாகிறது. உதிரிப்பாகத்தை யாரும் விசாரிக்க முடியாது.

இறுதியாக ஓர் ஓசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். டை ஃபைட்டரின் கிறீச்சிடும் இரைச்சலை, யானையின் பிளிறலையும் ஈரமான வீதியில் கார் ஓடும் சத்தத்தையும் கலந்து உருவாக்கியவர் ஒலிக்கலைஞர் பென் பேர்ட். காற்றற்ற வெளியில் ஓசை எழாது என்பது பள்ளிப் பாடம். ஆகவே அவ்விரைச்சல் நீண்டகாலம் ஓர் அலங்காரமாகவே இருந்தது. 2022இல் வெளியான ‘ஆண்டோர்’ தொடரில், அல்தானி மலைநிலத்தில் மறைந்திருக்கும் சிலரின் தலைக்கு மேலாக ஒரேயொரு டை ஃபைட்டர் தாழப் பறந்து போகிறது. போர் எதுவும் நடக்கவில்லை. ஒருவரும் சாகவில்லை. கமரா தரையில் நிற்கிறது. மேலே பார்க்கும் மனிதரோடு நிற்கிறது. விமானங்களின் ஓசையைத் தரையில் நின்று கேட்டவர்களுக்கு அக்காட்சியை விளக்கத் தேவையில்லை.

இவ்வளவு காலமும் இப்படவரிசை நம்மை விமானியறைக்குள்ளேயே வைத்திருந்தது. யாருடைய கலத்தில் ஏறுவது என்பது மட்டுமே நமக்கிருந்த தெரிவு. அந்தச் சில நொடிகளில் நாம் கீழே இறக்கிவிடப்படுகிறோம். இனி வருபவர்கள் இதைத் தொடர்வார்களா, மறுபடியும் உருண்டைகளை வெடிக்கவைத்து நம்மைக் கைதட்டப் பண்ணுவார்களா என்பது சொல்ல முடியாதது. கைதட்டுவதா என்பதைத் தீர்மானிக்கும் இடத்திலாவது நாம் இருக்கிறோம்.